வெள்ளிக்கிழமை அடித்த பசிமணி

சனிக்கிழமை நடைச் சுற்றில் ஐந்தாவது நிறுத்தத்தில் நான் இப்போது மூன்று நிமிடம்தான் பேசுகிறேன். முன்பு பதினெட்டு நிமிடம் பேசுவேன். மிச்சப் பதினைந்து நிமிடம் எங்கே போயிற்று என்பதை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைக்க வேண்டும் என்று நான்கு வருடமாக நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

என் பெயர் ஓரேஸ்தே. மொந்தெராவோ நகராட்சியில் முப்பத்து நான்கு வருடம் எழுத்தராக இருந்தவன். எங்கள் நகராட்சி அலுவலகம் அகுஸ்தீன் சபைத் துறவிகளின் சாப்பாட்டுக் கூடமாக இருந்த இடம். மற்றவர்கள் சாப்பிடும்போது ஒருவர் நின்று வேதம் வாசிக்கும் கல்மேடை என் மேசைக்கு நேர் மேலே இருந்தது. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை அதில்தான் அடுக்கியிருந்தேன். ஊரில் எல்லாமே இப்படித்தான். பெனடிக்ட் சபையின் மடம் இன்று தங்கும் விடுதி. பிரான்சிஸ்கன் மடத்தில் போலீஸ் இருக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடமும் ஒரு மடம்தான். அதன் கோவிலுக்குள்தான் எங்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு. பீடம் இருந்த சுவரில் கூடைப்பந்து வளையம் தொங்கும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் துறவிகளை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டடங்களை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் கதை.

ஓய்வு பெற்ற மறு வருடம் இந்த மடங்களைச் சுற்றிக்காட்டும் வேலையை நானே ஏற்படுத்திக்கொண்டேன். காலை பத்து மணிக்குக் கீழ்வாசலில் ஆரம்பம், பன்னிரண்டேகாலுக்கு முடிவு. முதல் நான்கு நிறுத்தத்திலும் வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இப்போது இங்கே துறவிகள் இருக்கிறார்களா? இல்லை. இங்கே? இல்லை. நான்காவது 'இல்லை'க்கு மேல் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, செருப்பைப் பார்ப்பார்கள். ஆகவே ஐந்தாவது இடத்துக்கு ஏறும்போது என் குரல் தானாகவே உயரும். அங்கே மட்டும்தான் நான் 'ஆமாம்' என்று சொல்ல முடியும்.

ஐந்தாவது இடம் சாந்தா லூச்சியா. மேட்டுத் தெருவின் நூற்றுப் பன்னிரண்டு படிகளும் ஏறினால் உச்சியில் இருக்கிறது. அடைபட்ட கன்னியர் மடம். உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை, வெளியே இருப்பவர்கள் உள்ளே போவதில்லை. அப்போது மூன்று பேர் இருந்தார்கள். தலைவி மதர் அகாபித்தாவுக்கு எண்பத்தாறு வயது. சமையலும் அப்பம் சுடுவதும் சகோதரி பியா. வாசல் பொறுப்பு சகோதரி ஜெல்த்ரூதே, எழுபத்தொன்பது.

வாசல் என்றால் கதவு அல்ல. சுவருக்குள் நின்றபடி சுழலும் ஒரு மரப் பீப்பாய்; அதைச் சுழல்பெட்டி என்போம். நாம் கொண்டுபோனதை அதற்குள் வைத்து, "சேசுவுக்கே புகழ்" என்று சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து "என்றும் புகழ்" என்று குரல் வரும். பீப்பாய் சுற்றும், நாம் வைத்தது உள்ளே போகும், அவர்கள் வைத்தது வெளியே வரும். பெரும்பாலும் ஒரு காகிதப் பை வரும். பூசைக்கான அப்பம் வட்டமாக வெட்டியது போக மிஞ்சிய விளிம்புத் துண்டுகள் அதில் இருக்கும். உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் நாக்கில் வைத்ததும் கரையும். எங்கள் ஊரில் அதைத் தின்று வளராதவர் இல்லை. ஜெல்த்ரூதேயின் குரலை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். முகத்தைப் பார்த்ததே இல்லை. குரல் கனமான குரல் என்பதால் ஆளும் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன்.

இனி மணி. மடத்தில் இரண்டு மணிகள். பெரியது செபத்துக்கு. பக்கச் சுவரின் மாடத்தில் தொங்கும் சின்னது பசிமணி. மடத்துக்குள் சாப்பிட ஒன்றும் இல்லை என்றால் மட்டும்தான் அதை அடிப்பார்கள். ஒன்பது அடி, சற்று நிறுத்தம், மறுபடி ஒன்பது அடி. சுழல்பெட்டியில் யாராவது வந்து நிற்கும்வரை. கேட்டவர் கேட்ட இடத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அடுப்பில் இருப்பதாக இருந்தாலும் சரி. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. யார் கொண்டுபோனது என்று பிறகு பேசவும் கூடாது. அதுவரை என் ஆயுளில் அது உண்மையாக அடித்தது ஒரே ஒரு முறை, ஐம்பத்தாறாம் வருடப் பனியில். என் அம்மா சோளமாக் களிச் சட்டியைக் கரண்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்று நாங்கள் ரொட்டியும் வெங்காயமும் தின்றோம். சட்டி திரும்பி வந்தது, கரண்டி வரவில்லை. அம்மா கேட்கவும் இல்லை.

சுற்றில் இதைத்தான் பதினெட்டு நிமிடம் சொல்வேன். இரண்டாம் வருடம் மே மாதம், வெரோனாவிலிருந்து வந்த ஒரு அம்மாள் கேட்டாள்: "இப்பவும் அடிப்பாங்களா?" அடிப்பார்கள் என்று சொன்னேன். "நீங்க கடைசியா எப்பக் கேட்டீங்க?" ஐந்து வயதில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் என் முகத்தைவிட்டுச் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை சுழல்பெட்டிக்குப் போய், சனிக்கிழமை பதினொன்று இருபதுக்கு, ஒன்பதே ஒன்பது அடி, ஒரே ஒரு சுற்று அடிக்க முடியுமா என்று கேட்டேன். உள்ளே ஜெல்த்ரூதே சிரிப்பது கேட்டது.

"ஓரேஸ்தே, சனிக்கிழமை பதினொன்னு இருவதுக்கு எங்களுக்குப் பசிக்கணும்ங்கிறீங்களா?"

"பசிக்க வேண்டாம் சிஸ்டர். மணி மட்டும் அடிச்சாப் போதும்."

மதரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மதர் அகாபித்தா சொன்ன பதில் மறுநாள் வந்தது: மணி எங்களுடையது அல்ல, ஊருடையது, ஊரைக் கேளுங்கள். ஊர் என்றால் நெல்லோவின் ரொட்டிக்கடைதான். நெல்லோ என்னோடு படித்தவன். முன்பக்கம் காப்பி, பின்பக்கம் விறகடுப்பு, நடுவில் எங்கள் சீட்டு மேசை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் மாவுக் கையைத் துடைக்காமலே என் தோளில் வைத்தான்.

"அடிக்கச் சொல்லுடா குமாஸ்தா. எனக்குக் கடிகாரம் வாங்கற செலவு மிச்சம். மணி அடிச்சா ரெண்டாவது ஈடு ரொட்டியை எடுத்துருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னபோது ஜெல்த்ரூதே ஒரு நிபந்தனை வைத்தார். சனிக்கிழமை தவிர வேறு நாளில் அந்த மணி அடித்தால் அது உங்களுக்கு அல்ல, எங்களுக்கு. அப்போது வருவீர்களா? செருப்பு மாட்டக்கூட நிற்க மாட்டேன் என்றேன். அந்தப் பேச்சை நான் அன்று மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அது நன்றாக நடந்தது என்பதையும் எழுத வேண்டும். ஒன்பது அடி விழும்போது வந்தவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். கதை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போக மனமில்லாமல் பையில் இருக்கும் பிஸ்கட்டைச் சுழல்பெட்டியில் வைப்பார்கள். பிறகு அதற்கென்றே வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஜெல்த்ரூதே என்னிடம் மன்றாடினார்: "நாங்க மூணே பேரு. மூணு பேருக்குமே சர்க்கரை. உங்க ஆளுங்களை ஒரு முட்டைக்கோஸ் கொண்டுவரச் சொல்லக் கூடாதா?" வந்த பிஸ்கட்டையெல்லாம் மாதம் ஒருமுறை மூட்டை கட்டிப் பங்குக் கோவிலின் ஏழைகள் நிதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து நான் செய்ததை வரிசைப்படி எழுதுகிறேன். மூன்றாம் வருடம் கூட்டம் அதிகமானதால் புதன்கிழமையும் சுற்று வைத்தேன். புதனும் மணி அடித்தது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக இரண்டு ஞாயிறு. அதன்பின் எந்த நாளில் பேருந்து வந்தாலும், முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டில் நாளும் நேரமும் எழுதிச் சுழல்பெட்டியில் வைத்துவிடுவேன். சுற்று இல்லாத குளிர்காலத்திலும் சனிக்கிழமை மணி மட்டும் நிற்கவில்லை. நெல்லோவின் ரொட்டிக்காகக் கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை தவிர என்று ஜெல்த்ரூதே போட்ட கோட்டை நான் ஒரே நாளில் அழிக்கவில்லை. விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், "சரி, உங்களுக்கு உதவியா இருந்தாச் சரி" என்றுதான் சொன்னார்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் கன்னியர் மடங்களின் கூட்டமைப்பிலிருந்து மதர் இல்தெகார்தா என்பவர் வந்தார். வயதானவர்கள் மூன்று பேர் மட்டும் தனியாக இருக்கும் மடங்களை மூடி, பெரிய மடங்களோடு சேர்க்கும் வேலை அவருடையது. குளிர்காலத்தில் உங்களுக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். எங்களுக்கு மணி இருக்கிறது, ஊர் இருக்கிறது என்று மதர் அகாபித்தா சொன்னாராம். பத்தொன்பது வயதில் உள்ளே வந்தவர், அந்த வீட்டிலேயே சாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அப்படியானால் ஊர் எழுதித் தரட்டும் என்றார் வந்தவர்.

ஓய்வு பெற்றிருந்தாலும் அந்தக் கடிதத்தை எழுதியது நான். கையெழுத்து மேயருடையது, வாசகம் என்னுடையது. ஐந்து அம்சங்கள். நான்காவது அம்சம் இது: "மேற்படி மடத்தின் சிறிய மணி எந்த நாளில், எந்த நேரத்தில் ஒலித்தாலும், கால் மணி நேரத்துக்குள் ஊரார் ஒருவராவது வாசலில் இருப்பார் என நகராட்சி உறுதியளிக்கிறது." அதை நெல்லோவின் கடையில் உரக்கப் படித்துக் காட்டினேன். நெல்லோ கை தட்டினான். ஒரு வருடம் பார்ப்போம் என்று மதர் இல்தெகார்தா அதைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரியில் பனி விழுந்தது. ஞாயிறு இரவு ஆரம்பித்தது. திங்கள் காலை கதவைத் திறந்தால் எதிர்வீட்டுப் பூட்டு தெரியவில்லை. மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கம்பி அறுந்தது. மடத்துக்கு ரொட்டியும் பாலும் நெல்லோவின் வண்டியில் பின்பக்கச் சாலை வழியாகத் திங்கள், புதன், வெள்ளி போகும். அந்தச் சாலை மூடிவிட்டது. பங்குச் சாமியாரின் ஆள் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நெல்லோ நினைத்தான். சாமியாரே பள்ளத்தாக்கில் அக்காள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. நிலவறையில் உருளைக்கிழங்கு இருக்கும் என்று நான் நினைத்தேன். நிலவறையில் தண்ணீர் உறைந்து, ஜனவரியிலேயே எல்லாம் அழுகிவிட்டது என்று எனக்கும் தெரியாது.

அந்த வியாழன் தவக்காலத்துக்கு முந்திய கொழுத்த வியாழன். தெர்னியிலிருந்து ஓய்வூதியர் சங்கத்துப் பேருந்து ஒன்று அன்று வருவதாக இருந்தது. "வியாழன், 11.10" என்று இரண்டு வாரம் முன்பே சீட்டு வைத்திருந்தேன். பனியில் பேருந்து எப்படி வரும்? வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் வராது என்று ஒரு சீட்டு எழுதி மேலே கொண்டுபோய் வைக்க எனக்குத் தோன்றவில்லை. முப்பத்து நான்கு வருடம் எந்தக் கோப்பு வேலையையும் பாதியில் விடாதவன் நான்.

பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. ஒன்பது அடி. நாங்கள் நாலு பேர் நெல்லோவின் அடுப்புக்குப் பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தோம்.

"குமாஸ்தா, உன் பஸ்ஸு பனிச்சறுக்கு மாட்டிக்கிட்டு வந்துருச்சு போலடா," என்றான் நெல்லோ.

நானும் சிரித்தேன். அந்த மனுஷி பேருந்து ரத்தானது தெரியாமல் அடிக்கிறாள் பாவம் என்று நான்தான் சொன்னேன். அன்று பண்டிகைப் பலகாரமாக நெல்லோவின் மனைவி தேன் உருண்டை பண்ணியிருந்தாள். தட்டு இரண்டு தடவை சுற்றி வந்தது.

மறுநாள் வெள்ளி. காற்று துளியும் இல்லை. பனி தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. நெல்லோவின் புகைக்கூண்டிலிருந்து புகை குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒன்பதரை மணிக்கு மணி அடித்தது. நான் கடை வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எண்ணுவது எனக்குப் பழக்கம். ஒன்பது. நிறுத்தம். ஒன்பது. நிறுத்தம். அப்புறம் நான்கு. நான்கோடு நின்றது.

ஒன்பதுக்கு மேல் ஏன் அடித்தார் என்று யோசித்தேன். பேருந்து ஒரு நாள் தள்ளி வருகிறது என்று நினைத்திருப்பார், வயதாகிவிட்டது, எண்ணிக்கை தப்பியிருக்கும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கால் நடந்தது. மண்வெட்டியோடு மேட்டுத் தெருவில் ஏறினேன். இடுப்பளவு பனி. படிகளை வெட்டி வெட்டி ஏற வேண்டியிருந்தது. கீழே கடை வாசலிலிருந்து நெல்லோ கூப்பிட்டான்.

"எங்கடா போற? செத்துகித்துப் போயிராத, உன்னைத் தூக்க ஆள் இல்ல."

"ஒம்போதுக்கு மேல அடிச்சாங்கடா."

"எம்பது வயசுல உனக்கு மட்டும் கணக்கு நிக்குமா? நாளைக்குச் சனிக்கிழமை எப்படியும் அடிப்பாங்க. சரியா அடிச்சா ஒண்ணுமில்ல, தப்பா அடிச்சாச் சேர்ந்து போவோம். வா, சூப்பு ஆறுது."

நான் இருபத்து மூன்றாவது படியில் நின்றிருந்தேன். மிச்சம் எண்பத்தொன்பது. திரும்பி இறங்கினேன். நெல்லோவின் மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. அவனுக்கு நான் சொன்னதுதான் தெரியும். சனிக்கிழமை தவிர வேறு நாள் அடித்தால் என்று வாக்குக் கொடுத்தவன் நான். நான்காவது அம்சத்தை எழுதியவனும் நான்.

சனிக்கிழமை பதினொன்று இருபது ஆயிற்று. மணி அடிக்கவில்லை. பதினொன்றரை. இத்தனை வருடத்தில் அந்த மணி கேட்காததை நாங்கள் அன்றுதான் கேட்டோம். பின்பக்கத்திலிருந்து கருகல் வாசனை வந்தது. மணிக்காகக் காத்திருந்ததில் நெல்லோவின் இரண்டாவது ஈடு அடுப்பிலேயே கிடந்தது. அவன் அதை எடுக்கப் போகவில்லை. முதல் ஈட்டு ரொட்டியைச் சாக்கில் போட்டுக்கொண்டு, கடப்பாரையை எடுத்தான்.

ஏழு பேர், நாற்பது நிமிடம். சுழல்பெட்டியின் முன் நின்று, "சேசுவுக்கே புகழ்" என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். வெகுதூரத்திலிருந்து மதர் அகாபித்தாவின் குரல் வந்தது. அப்போதும் முதலில் "என்றும் புகழ்" என்றுதான் சொன்னார். பிறகு, "ஜெல்த்ரூதே விழுந்துட்டா. எங்களால தூக்க முடியல" என்றார்.

எப்போதும் பூட்டியிருக்கும் மடக் கதவின் உள் தாழ்ப்பாளை அவரே எடுத்தார். வெளிப்பூட்டின் சாவி சாமியாரிடம். நெல்லோ கடப்பாரையால் நெம்பினான். நூறு வருடத்தில் ஊரார் யாரும் தாண்டாத வாசலைச் பனி அப்பிய காலோடு தாண்டினோம். மணிமாடத்துப் படிக்கட்டின் அடியில் மூன்று போர்வைக்குள் ஒரு சின்ன உருவம் கிடந்தது. சகோதரி பியா அவர் தலையை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளி காலையிலிருந்து அப்படியே. நான்காவது அடியில் கை விட்டுப்போய், இறங்கும்போது சறுக்கி இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு காகிதப் பை கிடந்தது. அப்பத்தின் விளிம்புத் துண்டுகள். புதனிலிருந்து மூவரும் அதைத்தான் தண்ணீரில் நனைத்துத் தின்றிருக்கிறார்கள். பிஸ்கட் மூட்டையை முந்திய வாரம்தான் கீழே அனுப்பியிருந்தார்கள்.

ஜெல்த்ரூதே கண்ணைத் திறந்தார். நான் நினைத்திருந்த பெரிய ஆள் இல்லை. பத்து வயதுப் பெண் உயரம், மூக்கெல்லாம் புள்ளிகள். என் முகமும் அவருக்குப் புதிது. ஆனால் நான் "சிஸ்டர்" என்றதும் குரலை வைத்துக் கண்டுகொண்டார்.

"ஓரேஸ்தே, உங்க பஸ்காரங்க வந்தாங்களா?"

வரவில்லை என்றேன். "அதான் பார்த்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மாலையில் தீயணைப்புப் படையின் ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பிழைத்துக்கொண்டார். ஆனால் நடை போய்விட்டது.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம் மதர் இல்தெகார்தா வந்தார். மேயரின் அறையில் என் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்து, நான்காவது அம்சத்தின் மேல் விரலை வைத்தார். கோபமாகப் பேசவில்லை. மணி அடித்ததா, அடிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். மேயர் பனியைப் பார்ப்பதுபோல் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "அடிச்சிருக்கலாம், மதர். ஆனா கீழ கேக்கல" என்றார். கடிதத்தை எழுதியவன் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்; பழைய கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

கூட்டமைப்பின் முடிவு ஒரே வரியில் வந்தது: மடத்தின் மணி ஊருக்குக் கேட்பதில்லை என்பதால் அங்கே முதியவர்களைத் தனியே விடுவது பாதுகாப்பல்ல. அந்த மணியை வைத்து ரொட்டி சுட்ட ஊர் அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தது. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை ஒரு வேன் வந்தது. மதர் அகாபித்தாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அறுபத்தேழு வருடத்துக்குப் பிறகு மேட்டுத் தெருவை அப்போதுதான் பார்க்கிறார். படிகள் இவ்வளவு குறுகலா என்று யாரையோ கேட்டார்.

ஜூன் மாதம் நான் பஸ் பிடித்து, சமவெளியில் இருக்கும் அந்தப் பெரிய மடத்துக்குப் போனேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் ஜெல்த்ரூதே வந்தார். என் சுற்றைப் பற்றி விசாரித்தார். அவரே வியாழக்கிழமைப் பேச்சை எடுத்தார்.

"வியாழக்கிழமை அடிச்சது உங்க மணிதான். சீட்டு இருந்துச்சில்ல. பஸ்காரங்க பிஸ்கட் வைப்பாங்க, அதை வெச்சு ரெண்டு நாள் ஓட்டிரலாம், ஊரை எதுக்குப் பயமுறுத்தணும்னு மதர் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை அடிச்சதுதான் எங்களோடது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். இருபத்து மூன்று படி என்பதுவரை வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமை காத்து அந்தப் பக்கமா அடிச்சிருக்கும், இல்ல?" என்றார்.

"ஆமா சிஸ்டர்," என்றேன். "பலமான காத்து."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி. மதர்கிட்டச் சொல்றேன்" என்று நாற்காலியைத் திருப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் மனது லேசாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்று ஒரு நாள் முழுவதும் லேசாகத்தான் இருந்தது.

அதன்பின் நான்கு வருடம். சுற்றை நிறுத்தவில்லை. ஐந்தாவது நிறுத்தத்தில் மட்டும் பேச்சுக் குறைந்தது. சுழல்பெட்டியைக் காட்டுவேன், மணிமாடத்தைக் காட்டுவேன், போவோம் என்பேன். ஜெல்த்ரூதேக்கு எத்தனை கடிதம் ஆரம்பித்தேன் என்று கணக்கு இருக்கிறது, பதினொன்று. இந்தப் பிப்ரவரியில் பன்னிரண்டாவதை எழுதி முடித்தேன். அம்சங்கள் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காற்று இல்லை, மணி கேட்டது, எண்ணினேன், இருபத்து மூன்று படி ஏறினேன், திரும்பினேன். மறுபடி யோசிக்க நேரம் தராமல் தபால்பெட்டியில் போட்டேன்.

மார்ச் மாதம் பதில் வந்தது. ஜெல்த்ரூதேக்குக் கை நடுங்குவதால் சகோதரி பியா எழுதியது. சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருக்கிறார்.

"ஓரேஸ்தேக்கு. காத்து இல்லைன்னு எனக்குத் தெரியும். பனி நேரா விழறதைப் பார்த்துக்கிட்டேதான் கயிறை இழுத்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் காத்துப் பேச்சை எடுத்தேன். ஆமான்னுட்டீங்க. அதை அப்படியே மதர்கிட்டச் சொன்னேன். மேயர் சொன்னதை அவங்க நம்பலை. ஓரேஸ்தேவே சொன்னார்ன்னதும் நம்பிட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி செத்துப்போகிற வரைக்கும், கேக்காத மணியை நம்பி இத்தனை வருஷம் அந்த வீட்டுல இருந்தோமேன்னு சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாங்க. மணி கேக்கும் மதர், கேட்டும் யாரும் வரலேன்னு சொன்னா அவங்களுக்கு இன்னும் கஷ்டமா இருந்திருக்குமோ என்னவோ. எதைச் சொல்லியிருக்கணும்னு எனக்கு இன்னிக்கும் தெரியல. நீங்க எழுதினதைப் பியா எனக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா. சேசுவுக்கே புகழ்."

கடிதத்தை நெல்லோவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டி மெதுவாகப் படித்தான். அவன் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனான்.

கடிதத்தின் கடைசி வரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். "என்றும் புகழ்" என்று ஒரு வரி. ஐந்து வாரமாக அது என் மேசையில் எழுதப்படாமல் இருக்கிறது.

போன சனிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். ஐந்தாவது நிறுத்தத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர், கயிறு இல்லாத மணியை அண்ணாந்து பார்த்து, இவ்வளவு சின்ன மணி கீழே ஊருக்குக் கேட்குமா என்று கேட்டார்.

"கேக்கும்," என்றேன். "எல்லா வீட்டுக்கும் கேக்கும்."